ஜிம்னிக்கு எந்த டயர்? நான் மாற்றிப் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்

ஊர் திருநெல்வேலி. வண்டி மாருதி சுசூகியின் ஐந்து கதவு ஜிம்னி, நான்கு சக்கரமும் இழுக்கக்கூடியது, மேனுவல் கியர். கம்பெனியில் வந்த டயர் 195/80 ஆர்15, அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம். ஒல்லியாக இருக்கிறது என்பதைத் தவிர அதன்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் வண்டி எடுத்த மூன்றாவது மாதமே அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 எம்.டி. டயர் (மட் டெரெய்ன், சேற்றுக்கென்று பெரிய பட்டன் வைத்தது) போட்டேன். அந்த அகல டயர் கம்பெனியின் ஐந்தரை அங்குல ரிம்மில் சரியாக உட்காராது என்பதால், கடைக்காரர் சொன்னபடி ஏழு அங்குல ரிம்மும் சேர்த்து வாங்கினேன். கம்பெனி ரிம்மின் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது, கூட்டல் 5. இது கழித்தல் 20. கணக்குப் போட்டால் சக்கரத்தின் வெளி விளிம்பு பக்கத்துக்கு 44 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். அந்தக் கணக்கை அன்றைக்கு நான் போடவில்லை.

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும்போதுதான் முதலில் உறைத்தது. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய வளைவுகளில் இப்போது இரண்டாவது கேட்டது. 134 நியூட்டன் மீட்டர் இழுவை உள்ள சின்ன எஞ்சின், அதன் சக்கரத்தைக் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் பெரிதாக்கி, எடையையும் கூட்டினால் வேறு எப்படி இருக்கும்? ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 85 ஓடிக்கொண்டிருக்கிறது. முழுதாக ஒடித்துத் திருப்பி ஒரு பள்ளத்தில் இறக்கினால் உள்ளே பிளாஸ்டிக்கில் உரசும் சத்தம். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாலுவழிச் சாலையில் பாலத்து இணைப்பு மேல் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் கைக்கு அடங்காமல் இடமும் வலமும் உதறும், வேகம் 50க்குக் கீழே வந்த பிறகுதான் நிற்கும். முன் அச்சு ஒரே தண்டாக இருக்கிற வண்டிக்கு பேலன்சிங் கொஞ்சம் தப்பினாலும், முன் சக்கரம் திரும்புகிற மூட்டில் உள்ள கிங்பின் பேரிங் தேய்ந்திருந்தாலும் இந்த உதறல் வரும். கனமான சக்கரத்தை வெளியே தள்ளி மாட்டினால் அது இன்னும் மோசமாகும். பக்கத்தில் மனைவி, பின்னால் பிள்ளை. அன்றைக்கு எனக்கு இருந்த பயம் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் தேரி, எங்கள் பக்கத்துச் செம்மணல் காடு. உடன்குடிப் பக்கம் நண்பனுக்கு முருங்கைத் தோட்டம் இருக்கிறது, கடைசி ஒன்றரை கிலோமீட்டர் செம்மணல். இந்த டயரோடு தைரியமாக உள்ளே போனவன், பாதி தூரத்தில் பின் சக்கரம் இரண்டும் அச்சு வரை புதைந்து நின்றேன். எம்.டி. டயரின் பெரிய பட்டன் சேற்றைக் கடிக்கும், மணலைத் தோண்டும். நான் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அது கிணறு வெட்டிக்கொண்டே போனது. டிராக்டரில் வந்த பெரியவர் ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, காத்து எவ்வளவு வச்சிருக்கிய?” 32 என்றேன். “பாதியா இறக்குங்க, மண்ணைக் கையால தள்ளுங்க, மெதுவா வாங்க.” 16க்கு இறக்கினேன். டயர் அடியில் சப்பாத்திபோல அகன்று நீண்டது. வேகம் குறைந்து இழுவை கூடுகிற லோ ரேஞ்சில் இரண்டாவது கியர் போட்டு கிளட்சை விட்டதும் வண்டி தானாக மேலே ஏறி வந்தது. பெரியவர் கயிறு எடுக்கவே தேவைப்படவில்லை.

அந்த மாதமே எல்லாவற்றையும் கழற்றினேன். இப்போது ஓடுவது கம்பெனி ரிம்மிலேயே 215/75 ஆர்15 ஏ.டி. டயர் (ஆல் டெரெய்ன், தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது). விட்டத்தில் பழையதைவிட ஒரு சென்டிமீட்டர்தான் கூடுதல். உதறல் போய்விட்டது, மழையில் பிரேக் பிடித்தால் நிற்கிறது. மிச்சமான பணத்தில் 12 வோல்ட் கம்ப்ரஸரும் நல்ல பிரஷர் மீட்டரும் வாங்கினேன். புதிதாக வாங்குகிறவர்கள் கையில் முதலில் இருக்க வேண்டியது இந்த இரண்டும்தான் என்பது என் கருத்து.

* * *

விளாத்திகுளத்திலிருந்து. என்னிடம் இருப்பது மாருதியின் பழைய ஜிப்சி ஜீப். அண்ணாச்சி சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். தேரிக்கு எம்.டி. வேண்டாம், சரி. எங்கள் கரிசலுக்கு வந்து பாருங்கள். ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்த பிறகு காட்டுப் பாதையில் ஏ.டி. டயர் நூறு அடி போவதற்குள் பட்டன் இடுக்கெல்லாம் மண் அப்பி, வழவழவென்று உருளையாகிவிடும். அங்கே இடைவெளி அகன்ற எம்.டி. டயர்தான் சுற்றும் வேகத்தில் மண்ணை உதறிவிட்டு மறுபடி கடிக்கும். ஆனால் அதிலும் ஒல்லி டயர்தான் வேண்டும். ஒல்லி டயர் மேல் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கிற கெட்டி மண்ணைத் தொடும், அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கும். கரிசலில் காற்றையும் நான் அவ்வளவு இறக்குவதில்லை.

இன்னொன்று, சீமைக்கருவேல முள். பட்டன் பக்கம் ஏறினால் பஞ்சர் கடையில் ஒட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டில் ஏறினால் டயரே போச்சு, அதை ஒட்டி ஓட்டவே கூடாது. காற்றை இறக்கினால் பக்கவாட்டு வெளியே பிதுங்கும், முள்ளுக்கு வசதியாக. அதனால் வேலி ஓரம் வண்டி விடும்போது காற்று இறக்காதீர்கள்.

* * *

குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன் சார்.

ஸ்டெப்னி. நான்கு டயர் மட்டும் பெரிதாக மாற்றி, பின்கதவில் பழைய ஸ்டெப்னியையே விட்டிருந்தேன். செலவை மிச்சம் பிடித்ததாக நினைப்பு. ஒரு நாள் பஞ்சராகி அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போட்டுத் தார் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தேன், வண்டி இழுத்துப் பிடித்தது, ஃபோர் வீல் குச்சி டூ வீலுக்கே வரவில்லை. இந்த வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிபரென்ஷியல் நடுவில் கிடையாது. விட்டம் வேறுபட்டால் அந்த வித்தியாசமெல்லாம் இரண்டு அச்சுக்கும் இழுவையை அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேசில் முறுக்காக ஏறும். பின்னால் எடுத்து முறுக்கைத் தளர்த்திய பிறகுதான் விட்டது. மாற்றினால் ஐந்தையும் மாற்றுங்கள்.

உயரம். லிஃப்ட் கிட் போட்டால் பாடிதான் உயரும், அச்சின் நடுவில் தொங்குகிற டிபரென்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டம் கூடியதில் பாதி. 235க்குப் போனால் கிடைப்பது 20 மில்லிமீட்டர். எங்கள் தோட்டப் பாதையில் கல்லை எந்தப் பக்கம் விட்டு ஏறுவது என்று பார்த்து ஓட்டினாலே அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது.

சட்டம். கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிற சக்கரம்தான் சோதனையில் முதலில் கண்ணில் படும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

* * *

திருநெல்வேலி மறுபடியும். விளாத்திகுளம் அண்ணன் சொன்ன முள் விஷயத்தை நான் யோசித்ததே இல்லை, நன்றி. தோட்டத்துப் பாதையில் கடைசி வளைவில் கருவேல மரம் நிற்கிறது. அதைத் தாண்டிய பிறகுதான் இனி காற்று இறக்குவேன். குன்னூர் நண்பருக்கு, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாகத்தான் வாங்கினேன். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் எப்போது செய்தது என்று சொல்லும் நாலு இலக்க எண்ணையும் பார்த்தேன். 2224 என்றால் 2024ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. ஐந்தில் ஒன்று மட்டும் இரண்டு வருடம் பழையது, மாற்றித் தரச் சொன்னேன், தந்துவிட்டார்கள்.

215ஐயே எம்.டி.யில் போட்டு மலையிலும் சேற்றிலும் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், மழை நேரத்துத் தார் ரோட்டில் பிரேக் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நண்பன் தன் வண்டிக்கு அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.