மவுண்ட் மடோனாவில் அப்பா அம்மாவோடு கேம்பிங்: மழை இல்லாமலே டென்ட் நனைவது ஏன்?

கேள்வி – சான் ஹோசே வாசி

வணக்கம். ஜூலையில் ஒரு வார இறுதிக்கு, இங்கே கலிபோர்னியாவில் கில்ராய் பக்கம் உள்ள மவுண்ட் மடோனா கவுன்டி பூங்காவில் டென்ட் போட்டுத் தங்கலாம் என்றிருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு ஏழு வயது, நான்கு வயது. போன கோடையில் அங்கே தங்கிய நண்பர் குடும்பத்துக்கு, ஒரு துளி மழை இல்லாமலே காலையில் டென்ட் உள்ளும் வெளியும் நனைந்து கிடந்ததாம். அது ஏன்? அப்பா நடக்கிற மாதிரி பாதை ஏதும் உண்டா? கரடி வருமா என்று அம்மா தினமும் கேட்கிறார்.

பதில் – மலைப்பாதை

அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். பூங்கா இருக்கும் சாந்தா குரூஸ் மலைத்தொடரில் கரடிகள் குடியிருப்பதில்லை. மலைச்சிங்கம் (பூமா) உண்டு, ஆனால் மனிதரைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். இருட்டும் நேரத்தில் பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள், அது போதும். உண்மையான தொல்லை இரவில் வந்து சாப்பாடு திருடும் ரக்கூன் என்ற சிறு விலங்குதான். சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும், குப்பைப் பையையும் சேர்த்து, இரவில் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

டென்ட் விஷயத்துக்கு வருவோம். பூங்கா இருக்கும் முகடு மான்டரே விரிகுடாவைப் பார்த்து நிற்கிறது. கோடையில் இரவானால் கடல் பனிமூட்டம் மேலேறி வரும். ரெட்வுட் என்ற உயரமான ஊசியிலை மரங்கள் அந்த ஈரத்தை இலைகளில் பிடித்துச் சொட்டவிடும். கோடையில் மழையே இல்லாத இந்த ஊரில் அந்த மரங்கள் தாக்குப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெளி ஈரம் அப்படி வருவது. உள் ஈரம் நம் மூச்சுக்காற்று. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடினால் ஆறு பேர் விடும் மூச்சு துணியில் பட்டுத் தண்ணீராகிவிடும்.

அதனால் மேல்துணியை இழுத்துக் கட்டுங்கள், உள்துணியோடு ஒட்டக்கூடாது. மேலே உள்ள காற்றுத் துளைகளைத் திறந்தே வையுங்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சொட்டும் நீர் அதில் தேங்கி அடியில் போகும், ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள். தேதியை மாற்ற முடியுமானால் செப்டம்பர் நல்லது. பனிமூட்டம் குறைந்திருக்கும்.

பதில் – கில்ராய் வீடு

முழங்கால் வலி உள்ளவரைத் தரையில் படுக்க வைக்க வேண்டாம் என்பேன். படுப்பதை விட எழுவதுதான் கஷ்டம். அங்கே யர்ட் என்ற வட்டக் குடில்கள் வாடகைக்கு உண்டு, முன்பதிவு செய்ய வேண்டும். போர்வை, தலையணை நம்முடையது. கிடைக்காவிட்டால் ஒரு மடக்குக் கட்டில் எடுத்துப் போங்கள். காற்று மெத்தைக்கு அடியிலிருந்து குளிர் ஏறும், கீழே ஒரு கம்பளி விரிக்க வேண்டும். இடம் பிடிக்கும்போது கழிப்பறைக்குப் பக்கமாகப் பாருங்கள்.

நடைக்கு ஹென்றி மில்லர் வீட்டுச் சிதைவுகள். ஜெர்மனியிலிருந்து வந்து 1850இல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, மாட்டு வியாபாரத்தில் பெரும் நிலவுடைமையாளர் ஆனவர். கோடையைக் கழிக்க இந்த மலைமேல் வீடு கட்டினார். இப்போது அடித்தளமும் சுவர்களும்தான் மிச்சம், சுற்றிலும் ரெட்வுட். அப்பா மெதுவாகப் பார்த்துவரலாம். கிழக்குச் சரிவில் இறங்கும் பாதைகளை அவருக்காகத் தவிர்த்துவிடுங்கள், திரும்பி ஏறுவது செங்குத்து.

பதில் – இரு பிள்ளைகளின் அம்மா

யாரும் பாய்சன் ஓக் என்ற நச்சுச் செடி பற்றிச் சொல்லவில்லையே! எனக்கு அதுதான் பெரிய கவலை. மூன்று மூன்று இலையாக, புதராகவும் மரத்தில் ஏறும் கொடியாகவும் இருக்கும். பட்டால் சேராங்கொட்டைப் பால் பட்டது போலவே கொப்புளம் கிளம்பும். இரண்டும் ஒரே குடும்பம், மாவும் முந்திரியும் அதில் சேர்ந்தவைதான். பிள்ளைகளுக்கு முழுக்கால் பேன்ட் போடுங்கள், பாதையை விட்டு இறங்கவிடாதீர்கள். பட்டுவிட்டால் உடனே பாத்திரம் கழுவும் சோப்பும் குளிர்ந்த நீரும் விட்டுக் கழுவி, உடுப்பையும் தனியாகத் துவையுங்கள். காட்டில் குச்சி பொறுக்கித் தீ மூட்டக்கூடாது: விதியும் அதுதான், அந்தக் கொடி எரிந்த புகை நுரையீரலையே பாதிக்கும். உண்ணிக்காக இரவில் பிள்ளைகளின் காது மடல், அக்குள், முழங்கால் பின்பக்கம் பார்த்துவிடுங்கள்.

வீட்டு விறகையும் கொண்டுபோக வேண்டாம். ஓக் மரங்களைக் கொல்லும் நோய் விறகோடு பரவுகிறது. அங்கேயே பக்கத்தில் வாங்குங்கள்.

கேள்வி – சான் ஹோசே வாசி

எல்லோருக்கும் நன்றி. யர்ட் இருக்கிறதா என்று இன்றே பார்க்கிறேன், இல்லையென்றால் செப்டம்பர்தான். இன்னொன்று: அம்மாவுக்கு மலை வளைவுகளில் வாந்தி வரும். வாட்சன்வில் வழியாகச் சுற்றிப் போகலாமா?

பதில் – கில்ராய் வீடு

வேண்டாம், அந்தப் பக்கம் வளைவு இன்னும் அதிகம். 101 நெடுஞ்சாலையில் கில்ராய் வந்து, 152ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் பத்து மைல். கில்ராயில் கொஞ்ச நேரம் நிறுத்தி இறங்கி நடக்கவிடுங்கள், அங்கிருந்து அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். புளியோதரையை மேலே போய்ச் சாப்பிடச் சொல்லுங்கள்.