தேரி மண்ணில் ஓடும் மஹிந்திரா தார் டீசலுக்குக் கழுவிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டர் தேவையா?

செம்மண்_சாலை:
என்னிடம் இருப்பது 2.2 லிட்டர் எம்ஹாக் இன்ஜின் கொண்ட புதிய தலைமுறை மஹிந்திரா தார் டீசல் ஜீப். சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துத் தேரி எனப்படும் செம்மணல் மேட்டுப் பாதைகளில்தான் அதிகம் ஓடுகிறது. முன்னால் ஒரு வண்டி போனாலே செம்புழுதி முகத்தில் அப்பிவிடும். சர்வீஸ் தேதி வருவதற்கு வெகு முன்பே பேப்பர் ஃபில்டர் சிவந்துவிடுவதால், எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் ஒன்றை வாங்கிக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கிறேன். வாங்கு என்பவரும் வேண்டாம் என்பவரும் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கொடைமலை_ஓட்டுநர்:
தயங்காமல் வாங்குங்கள். பேப்பர் ஃபில்டர் ஒன்றின் விலை சில நூறு ரூபாய்தான் என்றாலும், உங்களைப் போல அடிக்கடி மாற்றுகிறவருக்குச் செலவு ஏறிக்கொண்டே போகும். பருத்தி ஃபில்டர் முதலில் பல ஆயிரம் கேட்டாலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மலைப்பாதையில் மழையும் சேறும் சேர்ந்தால் பேப்பர் நனைந்து ஊறிக் காற்றை அடைக்கும், எண்ணெய் தடவிய துணி அவ்வளவு எளிதில் ஊறாது. காற்று தடையின்றிப் போவதால் இன்ஜின் மூச்சு முட்டாமல் ஓடுகிறது. 1969-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்டு என் நிறுவனம், தன் ஃபில்டர்கள் பொதுவாக 96 முதல் 99 சதவீதம் வரை தூசியைப் பிடிப்பதாகச் சொல்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

எஞ்சின்_பட்டறை:
அண்ணே, அந்தச் சதவீதத்தில்தான் விஷயமே இருக்கிறது. பிடிபட்ட தூசியால் இன்ஜினுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. தப்பிப்போனதைத்தான் எண்ண வேண்டும். ஒரு கிலோ தூசி ஃபில்டரை வந்தடைகிறது என்று வைத்துக்கொள்வோம். 99.5 சதவீதம் பிடிக்கும் நல்ல பேப்பர் ஃபில்டர் 5 கிராமை விடுகிறது. 97 சதவீதம் பிடிப்பது 30 கிராமை விடுகிறது. காகிதத்தில் பார்த்தால் இரண்டரை சதவீத வித்தியாசம், சிலிண்டருக்குள் போய்ச் சேர்வது ஆறு மடங்கு மண்.

அந்த மண்ணில் பெரும்பகுதி குவார்ட்ஸ். 1 முதல் 10 வரையுள்ள மோஸ் கடின அளவையில் அது 7. வார்ப்பிரும்பைச் சுரண்டும் வலு அதற்கு உண்டு. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிமன்தான் என்பதால், அதே அளவுள்ள துகள்கள் இடையில் புகுந்து உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன. 2.2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவைக் கணக்கில் சேர்க்காமலேயே நிமிடத்துக்குச் சுமார் 2,700 லிட்டர் காற்றை இழுக்கிறது. டர்போ அழுத்தம் ஏறினால் இன்னும் கூடுதல். புழுதிப் பாதையில் ஒரு முழு நாள் ஓட்டினால் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். டர்போவின் கம்ப்ரசர் சக்கரம்தான் அதில் முதல் அடியை வாங்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பேப்பர் மீது படியும் தூசியே மேற்கொண்டு வரும் நுண்துகளைத் தடுக்கும் ஓர் அடுக்காகிவிடுவதால், கொஞ்சம் அழுக்கேறிய பேப்பர் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். சிவந்து தெரிந்தவுடன் கழற்றிக் கழுவ வேண்டும் என்கிற அவசரம் கண்ணால் மட்டும் பார்ப்பதனால் வருவது. காற்றுத் தடையைக் காட்டும் சிறிய இண்டிகேட்டரை ஃபில்டருக்குப் பின்னால் பொருத்திக்கொண்டால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

கொடைமலை_ஓட்டுநர்:
தம்பி, பருத்திக்கு 97, பேப்பருக்கு 99.5 என்று உங்கள் வாதத்துக்கு வசதியான எண்களை எடுத்துக்கொண்டீர்கள். 99 சதவீதம் பிடிக்கும் பருத்தி ஃபில்டரை எடுத்தால் வித்தியாசம் ஆறு மடங்கிலிருந்து இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. அதோடு, நம் ஊரில் பேப்பர் ஃபில்டர் படும் பாட்டையும் சொல்லுங்கள். பங்க்சர் கடையில் ஏர் பைப்பை மடிப்புக்கு நேராகப் பிடித்து முழு அழுத்தத்தில் ஊதுகிறார்கள், டயரில் தட்டுகிறார்கள், மடிப்பு கிழிந்ததா, ரப்பர் விளிம்பு வளைந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. அப்படி ஊதிய பேப்பருக்கு 99.5 எல்லாம் கிடையாது. கழுவுவதற்கென்றே செய்த பொருளை முறைப்படி கழுவுவது அதைவிட மேல் அல்லவா? பந்தய வண்டிகளிலும் பருத்தி ஃபில்டர்தானே ஓடுகிறது?

எஞ்சின்_பட்டறை:
ஊதுவது தவறு என்பதில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன். ஆனால் அதற்கு மருந்து ஊதாமல் மாற்றுவதுதான். பேப்பரையே பொறுமையாகக் கையாளாத இடத்தில், கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி, எண்ணெயை எல்லா மடிப்பிலும் ஒரே சீராகத் தடவி, அது ஊறும்வரை காத்திருப்பார்கள் என்று எப்படி நம்புவது? எண்ணெய் குறைந்த இடத்தில் நெய்த துணியின் கண்கள் வழியே தூசி நேராகப் போய்விடும். எண்ணெய் மிகுந்தால் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரில் படியும். டீசலில் அந்த அளவை வைத்துத்தான் வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்று இன்ஜின் கணினியான ஈசியு முடிவு செய்கிறது. அளவு பிசகினால் கரும்புகையும் இழுவைக் குறைவும் வரும். அளவோடு தடவினால் இது நடக்காது என்று தயாரிப்பாளர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் அந்த அளவைக் காப்பது வண்டிக்காரரின் பொறுப்பாகிவிடுகிறது.

பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்து ரிங் மாற்றிக் கட்டுகிறார்கள். நாம் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டியவர்கள். காற்று தடையின்றிப் போகிறது என்கிறீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியபோதுகூட மைலேஜ் குறிப்பிடும்படி கூடவில்லை. முழு வேகமெடுப்பில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. அடைத்த ஃபில்டருக்கே நிலைமை அதுவென்றால், சுத்தமான பேப்பருக்குப் பதிலாகப் பருத்தியைப் போட்டுச் சாதாரண ஓட்டத்தில் என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்?

வில்லிஸ்_பிரியர்:
பழைய வில்லிஸ் ஜீப்பில் ஆயில் பாத் ஃபில்டர் இருந்தது. காற்று எண்ணெய்த் தொட்டியின் மேல் திரும்பும்போது கனமான மண் அடியில் தங்கிவிடும். கழுவி எண்ணெய் மாற்றினால் போதும், வாழ்நாள் முழுதும் அதுவே. நுண்தூசியில் பேப்பரை அது எட்டாது என்பதால்தான் வழக்கொழிந்தது. ஆனால் கனமான மண்ணை முதலில் தனியே பிரித்துவிடும் அந்த யோசனை இன்றும் செல்லும்: காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்க்கல் குழாயின் தலையில், மண்ணைச் சுழற்றிப் பிரிக்கும் ப்ரீ கிளீனர் வைத்தால் பேப்பரின் ஆயுள் நன்றாக நீளும்.

செம்மண்_சாலை:
அப்படியானால் எண்ணெயே தேவைப்படாத உலர் சிந்தெடிக் ஃபில்டரும், டர்ட் பைக்குகளில் போடும் ஃபோம் ஃபில்டரும் எப்படி?

எஞ்சின்_பட்டறை:
ஃபோம் புழுதியை ஆழம்வரை பிடித்து வைக்கும். ஆனால் டர்ட் பைக்காரர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கழுவி எண்ணெய் இடுகிறார்கள், அந்த ஒழுங்கு இருந்தால்தான் அது பலன் தரும். உலர் சிந்தெடிக்கில் சென்சார் தொல்லை கிடையாது. அதை வாங்குவதானால் ஏர் ஃபில்டர்களுக்கான ஐஎஸ்ஓ 5011 தரச் சோதனை முடிவைக் கேளுங்கள். சதவீதத்தை மட்டும் கேட்காமல் நுண்தூசியில் சோதித்தார்களா, பருந்தூசியிலா என்றும் கேளுங்கள், ஏனெனில் பருந்தூசியில் எந்த ஃபில்டரும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். எதைப் போட்டாலும் ஃபில்டர் பெட்டியின் சுத்தமான பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால் விளிம்பு சரியாக அமரவில்லை என்று பொருள். அந்த இடுக்கை விட்டுவிட்டு ஃபில்டரின் தரத்தைப் பேசிப் பயனில்லை.

கொடைமலை_ஓட்டுநர்:
மழையும் சேறும் உள்ள மலைக்கு என் கருத்து மாறவில்லை. என் வண்டியில் பருத்திதான் தொடரும். தேரிக்கு எது பொருந்தும் என்பதை வாதத்தால் முடிவு செய்ய வேண்டாம், இன்ஜின் ஆயிலே சொல்லட்டும். ஆயில் மாற்றும்போது ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மண் புகுந்ததைக் காட்டும் சிலிக்கானும் தேய்மானத்தைக் காட்டும் இரும்பும் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பாருங்கள். பேப்பரில் ஒரு முறை, பருத்தியில் ஒரு முறை, இரண்டும் அதே பாதை, அதே கிலோமீட்டர்.

எஞ்சின்_பட்டறை:
இது நியாயமான சோதனை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கேஸ்கட்டுக்குத் தடவும் சிலிகோன் பசையும் சிலிக்கானாகவே கணக்கில் வரும், ஆகவே அண்மையில் இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பசை போட்டிருந்தால் அந்த முடிவை நம்ப முடியாது. சிலிக்கானோடு அலுமினியமும் சேர்ந்து ஏறியிருந்தால் மண் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

செம்மண்_சாலை:
இப்போதைக்குப் பேப்பரிலேயே தொடர்ந்து, அடுத்த ஆயில் மாற்றத்தில் முதல் மாதிரியை எடுத்துவிடுகிறேன். மாதிரியை எப்படிப் பிடிப்பது?

எஞ்சின்_பட்டறை:
இன்ஜின் சூடாக இருக்கும்போதே பிடியுங்கள். ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைத்துவிட்டு, முதலில் விழும் எண்ணெயை விட்டு நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் ஏந்தி உடனே மூடிவிடுங்கள். கடைசி மாற்றத்துக்குப் பின் ஓடிய கிலோமீட்டரையும் ஆயிலின் பெயரையும் பாட்டிலிலேயே எழுதி அனுப்புங்கள்.