பாதி என்றால் எதில் பாதி?

மீன்முள் (வைத்திக்குப்பம், புதுச்சேரி), இரவு 8.40

போன வாரம் "மழைக்காலமும் பூனைத் தெள்ளும்" என்ற இழையில் கெடிலக்கரையான் என்னும் பெரியவர் இப்படி எழுதியிருந்தார்: "பூனைக்கென்று தனிச் சொட்டு மருந்து வாங்குவது தண்டச் செலவு. நாய்க்கு வாங்கியதில் பாதியைப் பிடரியில் விட்டால் போதும். பதினோரு வருடமாக விடுகிறேன், ஒரு பூனையும் சாகவில்லை." கீழே பதினேழு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். அந்தப் பதினேழு பேரில் ஒருவர் எங்கள் மாடி வீட்டுக்காரர்.

எங்கள் சுண்டல் மூன்று கிலோ இருப்பான். இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவன். ஞாயிறு மாலை மாடிக்காரர் அவனைப் பிடித்து, தம் நாயின் குப்பியில் பாதியை விட்டிருக்கிறார். நல்லெண்ணம்தான். இரவு இரண்டரை மணிக்கு அரிசி டிரம்முக்குப் பின்னால் சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு காது மட்டும் தனியாகத் துடிக்கிறது. ஈரத்தில் மிதித்துவிட்டவன் போல முன்காலை உதறுகிறான், உதறிக்கொண்டே இருக்கிறான். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்குகிறது. தூக்கினேன். ஓடுகிற மிக்சியின் மேல் கை வைத்தது போல உடம்பு முழுவதும் அதிர்ந்தது.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கலந்து பிடரியைக் கழுவி, துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினோம். இதற்கு மாற்றுமருந்து என்று ஒன்று கிடையாதாம். துடிப்பை அடக்கும் ஊசியும் சலைனும்தான். மூன்று நாள் கழித்து எழுந்து மீன் கேட்டான்.

பெரியவரே, பாதி என்றீர்களே, எதில் பாதி?

கெடிலக்கரையான் (கடலூர்), இரவு 9.05

பூனை பிழைத்ததில் மகிழ்ச்சி. பழியை என் தலையில் போடுவதற்கு முன் கணக்குப் பாருங்கள் அம்மணி. நாய் பத்துக் கிலோ. பூனை நாலு கிலோ. பாதி என்றால் ஐந்து கிலோவுக்கான மருந்து. ஒரு கிலோ கூடுதல், அவ்வளவுதான். முப்பத்து நாலு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவன் நான், பைசா பிசகியதில்லை.

உங்கள் மாடிக்காரர் விட்டது பாதியா, முக்காலா? அளந்தவர் யார்? குப்பியைச் சாய்த்து உத்தேசமாக விட்டிருப்பார். நான் ஊசிக்குழலில் இழுத்து, கோடு பார்த்து விடுகிறேன். பாதி என்றால் பாதி.

மீன்முள், இரவு 9.11

அளவைக் கேட்கவில்லை ஐயா, மருந்தைக் கேட்டேன். அதன் பெயர் என்ன?

கெடிலக்கரையான், இரவு 9.20

பெட்டியில் நாய்ப் படம் போட்டிருக்கும். நாய்க்கான மருந்து. வேறென்ன பெயர் வேண்டும்? பெட்டியை யாராவது பத்திரப்படுத்துவார்களா? குப்பி மட்டும் இருக்கிறது. பாதி தீர்ந்த குப்பி, கவனியுங்கள். மீதிப் பாதி அடுத்த மாதத்திற்கு.

ஊசிக்காரி (புதுச்சேரி, கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு), இரவு 9.48

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் வேறு வேறு மருந்துகளைப் பற்றிச் சண்டையிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நாய்ச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி இருக்கும், அதுவும் நூற்றுக்கு ஐம்பது பங்கு அளவுக்குக்கூட. நாயின் ஈரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அந்த வேலைக்கான நொதி போதுமான அளவு கிடையாது. பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதும் இந்தக் குறையால்தான். ஐம்பது சதவீத மருந்து ஒரு மில்லியில் பாதி என்றால் 250 மில்லிகிராம். மூன்று கிலோப் பூனைக்கு, கிலோவுக்கு எண்பதைத் தாண்டுகிறது. துடிப்பு, வலிப்பு, சாவு. சுண்டலுக்கு நடந்தது இதுவாக இருக்க வேண்டும்.

ஃபிப்ரோனில் என்னும் இன்னொரு பூச்சிக்கொல்லி மட்டும் உள்ளது வேறு. அது பூனைக்கும் வருகிறது. பூனைக் குப்பியில் 0.5 மில்லி. அதே வீரியமுள்ள சிறிய நாய்க் குப்பியில் 0.67 மில்லி. அதில் பாதி 0.33. பூனைக்கு வேண்டியதைவிடக் குறைவு. ஐயா விடுவது இதுதான் என்றால், பதினோரு வருடமாக அரைகுறையாகத்தான் விட்டுவந்திருக்கிறார். முதல் வகையில் பாதி நஞ்சு, இரண்டாம் வகையில் பாதி போதாது. ஃபிப்ரோனிலோடு பெர்மெத்ரினைக் கலந்தும் நாய்க்கு விற்கிறார்கள். ஆகவே அட்டையை முழுதாகப் படிக்காமல் எதையும் விடாதீர்கள்.

கெடிலக்கரையான், இரவு 10.02

மூன்றாம் ஆண்டு. நாலாம் ஆண்டில் கணக்கு மாறினாலும் மாறும். அப்போது வந்து சொல்லுங்கள் தங்கையே. நஞ்சு என்கிறார், உடனே போதாது என்கிறார். ஒரே பாதி எப்படிக் கூடவும் குறையவும் செய்யும்? என் பேரேட்டில் ஒரு பத்தியில் வரவு என்றால் அது வரவுதான்.

துறைமுகத்தான் (கடலூர் முதுநகர்), இரவு 10.10

எல்லோரும் தெள்ளு தெள்ளு என்கிறீர்கள். எங்கள் பக்கம் உண்ணி என்போம். எது சரி?

மீன்முள், இரவு 10.13

உண்ணி தோலில் ஒட்டிக்கொண்டு பாக்குக்கொட்டை போல ஊதும். தெள்ளு தாவும். உங்கள் பக்கம் தாவுகிற உண்ணி இருந்தால் அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள்.

துறைமுகத்தான், இரவு 10.15

கேட்டது தப்பா? புதுச்சேரிக்காரர்களுக்கு மூக்கு எப்போதுமே அரை அடி மேலேதான்.

முந்திரிக்காடு (பண்ருட்டி), இரவு 10.31

இத்தனை வம்பு எதற்கு? மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை ஒரு மூடி எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கலந்து பூனையை முக்கி எடுத்துவிடுங்கள். அல்லது கற்பூரத்தை வேப்பெண்ணெயில் கரைத்துத் தடவுங்கள். இயற்கை.

ஊசிக்காரி, இரவு 10.36

தயவுசெய்து வேண்டாம்! மாட்டு மருந்துகளில் வரும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் இரண்டும் பெர்மெத்ரினின் பங்காளிகள். கற்பூரமும் பூனைக்கு நஞ்சு. எதைத் தடவினாலும் பூனை அதை நக்கித் தின்னும். அதனால்தான் சொட்டு மருந்தை நாக்கு எட்டாத பிடரியில், மயிரைப் பிரித்து, தோல் தெரியும்படி வைத்து விடச் சொல்கிறோம். மயிரின் மேல் ஊற்றினால் பயனில்லை. காயும்வரை வீட்டிலுள்ள மற்றப் பூனையையும் தள்ளி வையுங்கள், அது நக்கிவிடும். நாய்க்குப் பெர்மெத்ரின் விட்ட வீட்டில் பூனை அந்த நாயை ஒட்டிப் படுத்தாலும் ஆபத்து.

கெடிலக்கரையான், இரவு 10.50

இப்போது நாயோடு படுப்பதும் குற்றமாகிவிட்டது. என் வீட்டில் பூனையும் நாயும் ஒரே சாக்கில் பதினோரு வருடமாகத் தூங்குகின்றன. இரண்டுக்கும் ஒரே குப்பி, பாதிப் பாதி. சமதர்மம்.

இந்த மீன்முள்ளுக்கு என் மேல் பழைய காய்ச்சல். சென்ற ஆண்டு நான் பூனைக்குக் கருவாட்டுத் தலை போடுவதைப் பற்றி எழுதியபோதும் "உப்பு, சிறுநீரகம்" என்று நாலு பக்கம் எழுதினார். கடலூர்ப் பூனை கருவாடு தின்னாமல் கேக்கா தின்னும்?

மீன்முள், இரவு 10.58

பழைய காய்ச்சல் இல்லை, போன ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல். இன்னொன்று: என்னை அம்மணி என்று அழைக்க வேண்டாம். இது கோயம்புத்தூர் இல்லை.

ஐயா, உங்கள் பழைய பதிவையே மறுபடி படித்தேன். "ஐப்பசி, கார்த்திகையில் மாதம் இரண்டு தடவை விட வேண்டியிருக்கிறது, இருபது நாளில் மறுபடி சொறிகின்றன" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மருத்துவம் படிக்கும் பெண் சொன்ன கணக்குச் சரியாக இருக்கிறதே. உங்கள் பாதி தெள்ளைக் கொல்லவில்லை, தாலாட்டியிருக்கிறது.

கெடிலக்கரையான், இரவு 11.15

அது மழை. மழைக்கும் பாதிக்கும் என்ன சம்பந்தம்? தானே புயல் அடித்த 2011 டிசம்பருக்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில் மனிதருக்கே கணுக்காலில் கடி. தரை ஈரம், சாக்கு ஈரம். தெள்ளு தரையிலிருந்து வருகிறது. தரைக்கு யார் சொட்டு மருந்து விடுவது? முழுக் குப்பி விட்டிருந்தாலும் வந்திருக்கும். ஆகவே பாதியில் குறை இல்லை.

ஊசிக்காரி, இரவு 11.21

தரை பற்றி ஐயா சொன்னது உண்மை. நாம் பூனையின் மேல் பார்க்கிற தெள்ளு இருபதில் ஒன்றுதான். மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் சாக்கிலும் கட்டில் இடுக்கிலும் கிடக்கும். ஒரு பெண் தெள்ளு நாளைக்கு நாற்பது, ஐம்பது முட்டை போடும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கவும் செய்யும். சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காய வையுங்கள். வீட்டிலுள்ள எல்லா விலங்குக்கும் ஒரே நாளில், அதனதன் மருந்தை, அதனதன் எடைக்கு ஏற்ப, மூன்று மாதமாவது விடாமல்

கெடிலக்கரையான், இரவு 11.24

"ஐயா சொன்னது உண்மை." எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்காரி, இரவு 11.25

தரை பற்றி மட்டும் சொன்னேன்!

மீன்முள், இரவு 11.29

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கோரிமேட்டுக் குயில் (புதுச்சேரி), இரவு 11.33

முயல் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு முயல்கள் உண்டு. அவற்றுக்கும் இந்த ஃபிப்ரோனில் பாதி விடலாமா?

ஊசிக்காரி, இரவு 11.34

கூடவே கூடாது. முயலுக்கு ஃபிப்ரோனில் உயிராபத்து. பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். காலையில் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கெடிலக்கரையான், இரவு 11.40

பார்த்தீர்களா, முயலுக்கு ஆபத்து என்றால் அந்த மருந்தே ஆபத்தானது. நான் விடுவதில் ஆபத்தே வந்ததில்லை. ஆகவே நான் விடுவது அதுவும் இல்லை.

மீன்முள், இரவு 11.42

அப்படியானால் எது?

கெடிலக்கரையான், இரவு 11.43

பாதி.

துறைமுகத்தான், இரவு 11.50

பூனைக்குப் பேனா தெள்ளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றாவது யாராவது சொல்வீர்களா, அதற்கும் அருங்காட்சியகமா?

மீன்முள், இரவு 11.55

பேன் சீப்பால் வாலடியில் சீவுங்கள். காப்பித்தூள் போல உதிரும். அதை ஈரப் பஞ்சில் வைத்தால் துருச் சிவப்பாகக் கரையும். அது தெள்ளின் கழிவு, உங்கள் பூனையின் ரத்தம். பிறந்து எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு இந்தச் சீப்பும் சோப்பு நீரும் போதும். மருந்தை மருத்துவர் சொன்னால் பார்க்கலாம். ஈறு வெளுத்திருந்தால் காத்திருக்காதீர்கள். மூக்கு அரை அடி கீழே இறக்கித்தான் சொல்கிறேன்.

நெறியாளர், நள்ளிரவு 12.05

ஊர்ச் சண்டை வேண்டாம். தலைப்பை விட்டு விலகும் பதிவுகள் நீக்கப்படும்.

கோரிமேட்டுக் குயில், நள்ளிரவு 12.08

எங்கள் பக்கம் மருந்துக் கடையில் "பூனைக்கு" என்று கேட்டால் "இருக்கிறதை வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாம் ஒன்றுதான்" என்று நாய் மருந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். கடலூரிலும் இப்படித்தானா?

கெடிலக்கரையான், நள்ளிரவு 12.15

கடலூரில் கடைக்காரர் கேட்டதைக் கொடுப்பார். நான் நாய் மருந்து கேட்பேன், நாய் மருந்து கொடுப்பார். பூனை மருந்தை ஏன் தர வேண்டும்?

கெடிலக்கரையான், காலை 6.20

பெட்டி கிடைத்துவிட்டது. மாட்டுத் தொழுவப் பரணில், பழைய பெட்டி. மேலே நாய்ப் படம் இருக்கிறது, நான் சொன்னது போலவே. உள்ளே என்ன மருந்து என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். என் கண்ணாடி மகள் வீட்டில் இருக்கிறது.

மீன்முள், காலை 6.31

படம் எடுத்துப் போடுங்கள். நாங்கள் படிக்கிறோம்.

ஊசிக்காரி, காலை 6.33

எழுத்துக்குப் பக்கத்தில் பூனைத் தலையை வட்டத்தில் அடித்துக் கோடு போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் ஐயா. அதற்குக் கண்ணாடி வேண்டாம்.

கெடிலக்கரையான், காலை 7.10

ஏதோ வட்டமாக ஒன்று இருக்கிறது. பூனையா, நரியா தெரியவில்லை. காது கூராக இருக்கிறது. கோடு, அட்டையின் மடிப்பாகவும் இருக்கலாம். படம் எடுத்துப் போடும் வழக்கம் எனக்கில்லை, என் சொல்லே போதும் என்று வாழ்ந்தவன். இன்று பவுர்ணமி, மருந்து விடுகிற நாள். ஆனால் பூனையைக் காலையிலிருந்து காணவில்லை. வந்ததும் விடுவேன், மீதிப் பாதியை.

மீன்முள், காலை 7.12

வராமல் இருக்கக் கடவது.