சிறு திகில் கேம்களின் தொகுப்பை எப்படி விளையாடுவது, எப்படி மதிப்பிடுவது?

நிலாமுற்றம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக நீண்ட திகில் விளையாட்டுகளை மட்டுமே விளையாடி வந்த நான், சென்ற வாரம்தான் முதன்முறையாக ‘ட்ரெட் எக்ஸ் கலெக்‌ஷன்’ வரிசையின் முதல் தொகுப்பை எடுத்தேன். 2020 மே மாதம் வெளிவந்த இதில் பெரிய நிறுவனங்களைச் சாராத பத்து இண்டி படைப்பாளிகளின் பத்து கேம்கள் உள்ளன. ஒவ்வொருவருக்கும் 7 நாள்கள் மட்டுமே தரப்பட்டன என்பதும், தாங்கள் உருவாக்க விரும்பும் ஒரு பெரிய திகில் விளையாட்டுக்கு ‘பி.டி.’ என்ற சிறு திகில் கேமைப் போல, விளையாடிப் பார்க்கக்கூடிய முன்னோட்டமாக அவை அமைய வேண்டும் என்று கேட்கப்பட்டது என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை மாலை தொடங்கி, விடிவதற்குள் பத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். முதல் மூன்று கேம்களில் கதவைத் திறப்பதற்கு முன் கை உண்மையிலேயே தயங்கியது. ஆறாவதற்கு வந்தபோது, இருண்ட நடைவழியைக் கண்டவுடனேயே இதன் கோடியில் ஏதோ ஒன்று பாயப் போகிறது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. பத்தாவதில் பயம் சிறிதும் இல்லை. எப்போது முடியும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுள் சில மிகச் சிறந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. வேறு சிலவோ தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டவை போலத் தோன்றின.

குறை தொகுப்பில் இருக்கிறதா, நான் விளையாடிய முறையில் இருக்கிறதா? இத்தகைய தொகுப்பை அதிலுள்ள மிகச் சிறந்த இரண்டு மூன்றைக் கொண்டு மதிப்பிட வேண்டுமா, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மதிப்பிட வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் மகிழ்வேன்.


அகல்விளக்கு:

நீங்கள் விளையாடிய முறையே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. நானும் என் முதல் தொகுப்பை இப்படித்தான் வீணாக்கினேன்.

ஒரு நீண்ட திகில் விளையாட்டு நம்மை மெல்ல மெல்லப் பழக்குகிறது. எங்கே ஒளியலாம், எது நம்மைத் துரத்தும், எந்த ஒலி கேட்டால் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஓரிரு மணி நேரத்தில் நமக்குப் பிடிபட்டுவிடுகின்றன. அதன் பிறகு அந்த விதிகளை மீறித்தான் அது நம்மை அச்சுறுத்த வேண்டியிருக்கிறது. அரை மணி நேர கேமுக்கு அந்தச் சுமை கிடையாது. அதன் பயம் முழுவதும், விதிகள் என்னவென்று நமக்குத் தெரியாமலிருக்கும் அந்த முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களில்தான் குடிகொண்டிருக்கிறது. ஒன்றை முடித்த சூட்டோடு அடுத்ததைத் திறந்தால், முந்தைய கேமின் விதிகளைத் தூக்கிக்கொண்டு இதற்குள் நுழைகிறோம். அங்கே பாய்ந்தது இங்கேயும் பாயும் என்று எதிர்பார்க்கிறோம். புதிய கேம் வேறொன்றைச் செய்ய முயன்றாலும் அது நம் கண்ணில் படுவதில்லை.

அதே தொகுப்பிலுள்ள ‘ஹேண்ட் ஆஃப் டூம்’ இதற்கு நல்ல சான்று. தொண்ணூறுகளின் கணினி விளையாட்டுகளின் தோற்றத்தில் செய்யப்பட்ட அதில், மந்திரங்களை நாமே அசை அசையாகக் கோத்துச் சொல்ல வேண்டும். முதல்முறை விளையாடியபோது, ‘எங்கே பேய்?’ என்று அவசரமாகத் தேடிக்கொண்டே போனதால் அந்த அசைகள் எனக்கு வெறும் இடைஞ்சலாகவே பட்டன. சில மாதங்கள் கழித்து, வேறெதுவும் விளையாடாத ஓர் இரவில், பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அசையையும் எழுதி வைத்துத் திரும்ப விளையாடினேன். எதையும் பாய விடாமலேயே அந்த கேம் என்னை எங்கோ கொண்டு சென்றது. இந்தச் சொற்களை நான் ஏன் இவ்வளவு அக்கறையாகக் கற்கிறேன், இவற்றால் இறுதியில் எதைச் செய்யப் போகிறேன் என்ற எண்ணம் தானாகவே உள்ளே புகுந்தது. அது நடுங்க வைக்கும் பயமன்று; ஆனால் மறுநாளும் என்னுடன் இருந்தது.

ஆகவே ஓர் இரவுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே வரிசையின் இரண்டாம் தொகுப்பில் பன்னிரண்டு கேம்களையும் ஒரு வீட்டுக்குள் பரப்பி வைத்து, அந்த வீட்டின் புதிர்களை விடுவித்தால்தான் அவை ஒவ்வொன்றாகத் திறக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு கேமுக்கும் அடுத்த கேமுக்கும் நடுவே அந்த அறைகளில் நடந்து திரிவதே ஓர் இடைவெளியாகிவிடுகிறது. பட்டியலில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டே போவதைவிட இது பல மடங்கு மேல்.


கல்தச்சன்:

அகல்விளக்கு சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பாரம் முழுவதையும் விளையாடுபவரின் தலையில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 7 நாள்களில் செய்யப்பட்டது என்பது ஒரு கேம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு விளக்கமாகுமே தவிர, அது நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. குறுகிய கெடுவுக்குள் கேம் உருவாக்கும் ‘கேம் ஜாம்’ நிகழ்வு நடக்கும்போது சக படைப்பாளிகளிடம் காட்டி மகிழ்வது ஒன்று. அதையே தொகுத்து, நேரமும் பணமும் செலவிடும் ஒருவரிடம் கொடுப்பது வேறொன்று.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொகுப்பில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனை அடித்தளத்தில் நடக்கும் கேம் அது. ஏறத்தாழ 25 நிமிடங்கள் நான் ஓடவே இல்லை. காலடி ஓசை எழும்பக் கூடாதென்று சுவரை ஒட்டியே நகர்ந்தேன். அவ்வளவு நன்றாக அதன் ஒலியை அமைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு இரும்புக் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் என் பாத்திரம் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. இடையில் சேவ் செய்யும் வசதியும் இல்லாததால் தொடக்கத்திலிருந்து மறுபடியும் வர வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை வந்தபோது அந்தக் காலடி ஓசை எந்த இடத்தில் கேட்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அதே நடைவழியில் நேராக ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அந்த கேமின் சிறப்பு எதுவோ அதையே அந்தப் பிழை அழித்துவிட்டது. திகில் விளையாட்டில் இது சிறு குறை ஆகாது. வேறு வகை விளையாட்டில் ஒரு கட்டத்தைத் திரும்ப ஆடினால் பத்து நிமிடம்தான் போகும். இங்கே போவது பயம், அது திரும்பி வராது.

இன்னொரு குறை தோற்றத்தைப் பற்றியது. தொகுப்புகளில் பாதிக்கு மேற்பட்ட கேம்கள் பழைய பிளேஸ்டேஷன் பாணியில் நடுங்கும் சுவர்களோடும் அடர்ந்த மூடுபனியோடும் வருகின்றன. முதல் இரண்டில் அது அழகாக இருந்தது. அடுத்தடுத்துப் பார்க்கும்போது, யோசிக்காமல் எடுத்துப் போட்டுக்கொண்ட உடுப்பைப் போலத் தெரிகிறது. நிலாமுற்றம் உணர்ந்த சலிப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.


பழையவட்டு:

கல்தச்சன் இறுதியாகச் சொன்னதற்கு மட்டும் என் கருத்தைப் பதிவு செய்கிறேன், ஏனெனில் அந்தப் பாணியின் மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

அந்த நடுக்கம் அழகுக்காகப் பிறந்ததன்று. பிளேஸ்டேஷனின் முதல் தலைமுறைக் கருவி, உருவங்களின் மூலைப்புள்ளிகளைத் திரையில் முழுப் பிக்சல்களில் மட்டுமே வைக்கும். இரண்டு பிக்சல்களுக்கு இடைப்பட்ட நிலை என்பது அதற்குக் கிடையாது. எனவே நாம் மெதுவாக நடந்தால், சுவரின் விளிம்பு சீராக நகராமல் ஒரு பிக்சலிலிருந்து அடுத்த பிக்சலுக்குத் தத்தித் தாவும். தரையில் ஒட்டப்படும் படத்தை விரிக்கும்போதும் ஆழத்தை அது கணக்கில் கொள்வதில்லை. அதனால்தான் காலுக்கு அருகிலுள்ள ஓடுகளின் கோடுகள் வளைந்து நெளிகின்றன. 2 எம்பி முதன்மை நினைவகத்தைக் கொண்ட ஒரு கருவியில் தொலைவிலுள்ள எல்லாவற்றையும் வரைவதும் இயலாது. அந்தப் போதாமையை மறைக்கத்தான் மூடுபனியும் இருளும் பயன்பட்டன.

இதை இன்று வேண்டுமென்றே செய்யும்போது ஒரு பயன் கிடைக்கிறது. முகம் தெளிவாகத் தெரியாதபோது அதில் என்ன இருக்கிறது என்பதை நம் மனமே நிரப்பிக்கொள்கிறது. அசையக் கூடாத சுவர் லேசாக அசைந்தால், நம் கண்ணையே நாம் நம்ப முடியாமல் போகிறது. ஆனால் கேமின் கரு அந்த ஐயத்தைப் பயன்படுத்திக்கொண்டால்தான் இந்தப் பாணிக்குப் பொருள் உண்டு. இல்லையென்றால் கல்தச்சன் சொன்னதுபோல் அது வெறும் உடுப்புதான். முதல் தொகுப்பில் டேவிட் சிமான்ஸ்கி செய்த ‘தி போனி ஃபேக்டரி’ முழுவதையும் கறுப்பு வெள்ளையில் வைத்து, ஒரு கைவிளக்கையும் ஆணி அடிக்கும் துப்பாக்கியையும் மட்டும் கொடுத்து நம்மை இருட்டுக்குள் அனுப்புகிறது. அங்கே தோற்றம் வேறு, கரு வேறு என்று பிரிக்கவே முடியாது. அதே தொகுப்பில் ஏர்டார்ஃப் என்ற படைப்பாளியின் ‘சம்மர் நைட்’ இன்னும் பின்னோக்கிப் போய், கைக்கடக்கமான எல்சிடி விளையாட்டுக் கருவியின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு எளிய கோட்டுருவங்களால் ஒருவரைக் கலங்கடிக்க முடியும் என்பதை அதை விளையாடிய பிறகுதான் நம்பினேன்.

இந்தப் பாணியை அதன் பலம், பலவீனம் இரண்டோடும் பார்க்க விரும்புபவர்கள் ‘ஹான்டட் பிஎஸ்1 டெமோ டிஸ்க்’ தொகுப்புகளை எடுத்துப் பார்க்கலாம். 2020இல் வந்ததில் 17 டெமோக்களும் 2021இல் வந்ததில் 25 டெமோக்களும் உள்ளன, இரண்டும் இலவசம். அவை டெமோ என்று சொல்லிக்கொண்டே வருவதால், பாதியில் நின்றாலும் ஏமாற்றம் தோன்றுவதில்லை.


வெண்கலமணி:

சிறந்ததைக் கொண்டு மதிப்பிடுவதா, மொத்தத்தைக் கொண்டு மதிப்பிடுவதா என்ற கேள்விக்கு யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. என் பதில் சிறந்ததைக் கொண்டு என்பதுதான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு கேமை வாங்கி 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். விளையாடுபவருக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரை மணி நேரத்தில் முடியும் கேமைத் தனியாக விற்கும் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அத்தகையவர்களுக்குத் தொகுப்பு ஒரு குடையாக அமைகிறது. அந்தக் குடையின் கீழ்தான், வேறு எங்கும் யாரும் துணிந்து எடுக்காத கருக்கள் முளைக்கின்றன. இரண்டாம் தொகுப்பில் சிறு கேமாக இருந்த ‘சக்கர் ஃபார் லவ்’ 2022இல் தனி விளையாட்டாக வளர்ந்து வந்தது. மூன்றாம் தொகுப்பின் ‘ஸ்பூக்வேர்’ 2021இலேயே விரிந்தது. இரண்டாம் தொகுப்பில் இருந்த ‘ஸ்குவிரல் ஸ்டேப்ளர்’ 2023இல் தனியாக வந்தது. பன்னிரண்டில் இரண்டு இப்படி முளைத்தால் போதும் என்பேன். மீதிப் பத்தும் முளைக்காமல் போனதற்காக அந்த நிலத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

நிலாமுற்றம் அடுத்து ‘ஸ்குவிரல் ஸ்டேப்ளர்’ விளையாட வேண்டும் என்பது என் வேண்டுகோள். காட்டில் அணில்களை வேட்டையாடுவதுதான் வேலை. அவை காலடிச் சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்பதால் நாமே மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாக நடக்கிறோம். அந்த அமைதி, அணிலுக்காக நாம் உண்டாக்கிய அமைதி. அதற்குள் அணிலல்லாத ஒன்றின் ஓசை கேட்கும்போது என்ன ஆகும் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

எல்லாம் ஒரே தரத்தில்தான் வேண்டும் என்றால், பல கைகள் சேர்ந்த தொகுப்பை விட்டுவிட்டு ஒரே குழு செய்ததை நாடுங்கள். 2017இல் வந்த ‘ஸ்டோரீஸ் அன்டோல்டு’ நான்கு பகுதிகள் கொண்டது. அதன் முதல் பகுதி, அதற்கு முந்தைய ஆண்டில் ஒரு கேம் ஜாமுக்காகச் செய்யப்பட்டது என்பது இங்கே பேசும் விஷயத்துக்கு மிகவும் பொருத்தம். ஒரு மேசையில் பழைய கணினி. அதில் எழுத்தால் ஆடும் ஒரு விளையாட்டு. அதில் ஒரு வீட்டுக்குள் நுழைவதாக நாம் தட்டச்சு செய்துகொண்டே போகிறோம். ஒரு கட்டத்தில், ‘கதவைத் திற’ என்று தட்டச்சு செய்ததும் நாம் உட்கார்ந்திருக்கும் வீட்டிலேயே கதவு திறக்கும் ஓசை கேட்கிறது. அதன் பிறகு அடுத்த கட்டளையை எழுத விரல் வராது. திடீரென ஏதோ பாய்ந்து திடுக்கிட வைக்கும் ஜம்ப் ஸ்கேர் எதுவும் தேவைப்படவில்லை.


கல்தச்சன்:

வெண்கலமணி, விதை, நிலம் என்ற உங்கள் வாதம் படைப்பாளிகளின் பக்கம் நின்று பார்த்தால் சரியே. முளைக்காத பத்தில் குறைந்தது ஐந்து கேம்களாவது ஒரு சேவ் வசதியோடும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பட்டியோடும் வந்திருந்தால் என் கருத்து மாறியிருக்கும். தொகுப்பவர்கள் நாள்களுக்கு வரம்பு வைக்கட்டும்; கெடு முடிந்தபின் பிழை நீக்குவதற்கென்று மட்டும் தனியே சில நாள்கள் ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.


நிலாமுற்றம்:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கடந்த நான்கு இரவுகளில் ஓர் இரவுக்கு ஒன்றாக, முதல் தொகுப்பிலிருந்து நான்கு கேம்களை மறுபடியும் விளையாடினேன். ‘ஹேண்ட் ஆஃப் டூம்’ விஷயத்தில் அகல்விளக்கு சொன்னது முற்றிலும் சரி. தாளில் எழுதி விளையாடியபோது அது வேறொரு கேமாகவே இருந்தது. ஒரு தீவில் தனியே சிக்கிய நமக்கு ஒரு வாளி கட்டளையிடும் ‘மிஸ்டர் பக்கெட் டோல்ட் மீ டு’ கேமை முதல்முறை விந்தையான ஒன்று என்று கடந்து போயிருந்தேன். இந்த முறை, அந்த வாளி சொல்வதைக் கேள்வி கேட்காமல் செய்யத் தொடங்கிவிட்டேன் என்பதைப் பாதியில்தான் உணர்ந்தேன். அந்த இடத்தில் சிறிது நேரம் ஆட்டத்தை நிறுத்தி வைத்தேன்.

மற்ற இரண்டும் இடைவெளி விட்டு விளையாடியும் தேறவில்லை. அவற்றில் ஒன்றின் இருட்டில், திரையின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டியும் வழி தெரியவில்லை. ஆகவே கல்தச்சன் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்றிரவு இரண்டாம் தொகுப்பைத் தொடங்குகிறேன். ‘ஸ்குவிரல் ஸ்டேப்ளர்’ திறக்கும்வரை வேறு எந்த கேமையும் இடையில் தொடப் போவதில்லை. ஹெட்ஃபோனைத் தயாராக எடுத்து வைத்துவிட்டேன்.