மறு: நோனோகிராம் – தமிழ்க் கலைச்சொல்

அன்புள்ள குழுமத்தினருக்கு,

வணக்கம். ஓரங்களில் தரப்படும் எண்களைக் கொண்டு கட்டங்களை நிரப்பிப் படத்தை வெளிக்கொணரும் புதிரான நோனோகிராமுக்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் முன்வைக்கப்பட்ட ‘குறுக்குப்படம்’, ‘எண் ஓவியம்’ ஆகிய இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அவற்றுக்கு மாற்றாக ‘விளிம்பெண் படம்’ என்பதைப் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

மூலப் பெயரை மொழிபெயர்ப்பதால் பயனில்லை. 1987இல் டோக்கியோவில், உயர்ந்த கட்டடங்களின் விளக்குகளை எரியவிட்டும் அணைத்தும் படம் அமைக்கும் போட்டியில் வென்ற நோன் இஷிதா, அந்த எண்ணத்தையே கட்டப் புதிராக வளர்த்தெடுத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் தெத்சுயா நிஷியோவும் தனியாக இதே புதிரைக் கண்டறிந்தார். பிரித்தானியாவில் இதைப் பரப்பிய ஜேம்ஸ் டால்கெட்டி இஷிதாவின் பெயரைக் கொண்டே இதற்குப் பெயரிட, 1990இல் சண்டே டெலிகிராப் வாரந்தோறும் வெளியிடத் தொடங்கியது. அப்பெயர் ஆளைச் சுட்டுகிறதே தவிர, புதிரின் இயல்பைச் சொல்வதில்லை.

‘குறுக்குப்படம்’, நிண்டெண்டோ தன் கணினி விளையாட்டுகளில் இப்புதிருக்கு வழங்கும் ‘பிக்ராஸ்’ என்ற பெயரின் வழி வந்தது. தமிழில் அது குறுக்கெழுத்தையே நினைவூட்டும்; இங்கு எழுத்துக்கு இடமே இல்லை.

‘எண் ஓவியம்’ கேட்க இனியது. எனினும், 1 என்றால் சிவப்பு, 2 என்றால் பச்சை என்று குழந்தைகள் வண்ணம் தீட்டும் நூல்களுக்கே அது பொருந்தும். அங்கே எண் நிறத்தைக் குறிக்கிறது. இங்கே அடுத்தடுத்து நிரப்ப வேண்டிய கட்டங்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு நிரையின் (கிடைவரிசையின்) ஓரத்தில் 7 மட்டும் இருந்தால், அந்த ஏழும் இடக்கோடியில் தொடங்கினாலும் வலக்கோடியில் முடிந்தாலும், 4 முதல் 7 வரையுள்ள கட்டங்கள் கருமையாகியே தீரும். நிரையில் இவ்வாறு உறுதியானது நிரலுக்கு, அதாவது செங்குத்து வரிசைக்கு, சான்றாகிறது. நிரலில் தெளிந்தது மீண்டும் நிரைக்கு உதவுகிறது. இந்த உய்த்துணர்வின் அழகை ‘ஓவியம்’ மறைத்துவிடுகிறது. மேலும், பிரித்தானிய உளவு அமைப்பான ஜிசிஎச்க்யூ 2015 கிறிஸ்துமஸ் வாழ்த்தில் வெளியிட்ட 25×25 கட்டப் புதிரின் விடை ஒரு கியூஆர் குறியீடு. அதைப் படம் எனலாம், ஓவியம் என்பது பொருந்தாது.

சுடோக்குவில் எண்கள் கட்டங்களுக்குள் இருக்கின்றன. இதில் விளிம்பில் நிற்கின்றன, உள்ளே படம் உருவாகிறது. ‘விளிம்பெண் படம்’ இவ்விரண்டையும் சொல்லிவிடுகிறது. ஓரத்தில் எண் தரும் வேறு புதிர்களும் இருப்பதால் ‘படம்’ என்பதை விடக் கூடாது. ‘விளிம்பெண்’ என்று தனித்து நிற்கும்போது அது துப்பையே குறிக்கட்டும்.

உறுப்பினர்களே புதிர் அமைத்துப் பகிரும் இணையத் தளங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட விடை உண்டா என்பது இன்றியமையாத கேள்வி. ஒரே விடையுள்ளதை ‘ஒற்றைத்தீர்வுப் புதிர்’ எனலாம். மேற்சொன்ன வாழ்த்துப் புதிரில் சில கட்டங்கள் முன்னரே கருமையாக்கித் தரப்பட்டிருந்தன. அத்தகையவற்றுக்கு ‘முன்னிரப்புக் கட்டம்’ பொருந்தும் என்று கருதுகிறேன்.

அடுத்தடுத்து நிரம்பும் கட்டங்களின் தொகுதியை ‘ஓட்டம்’ என்பது ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல், ‘கட்டத்தொடர்’ போதும். அதன் வரையறையில் மட்டும் கவனம் வேண்டும். கருப்பு வெள்ளைப் புதிரில் இரு கட்டத்தொடர்களுக்கு இடையே ஒரு வெற்றுக் கட்டமாவது இருந்தாக வேண்டும். வண்ணப் புதிரிலோ வெவ்வேறு நிறத் தொடர்கள் ஒட்டியே நிற்கலாம். ஆகவே இழையில் முன்மொழியப்பட்ட வரையறையிலுள்ள ‘வெற்றுக் கட்டத்தால் பிரிக்கப்பட்ட’ என்பதை நீக்கி, ‘ஒரே நிறமுடைய, அடுத்தடுத்த கட்டங்கள்’ என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்