உடன்கட்டு வேண்டாம், கட்டுநிறுவல் எப்படி?

ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய இன்னொரு மென்பொருளையும் தன்னோடே கொண்டுவந்து நிறுவுவதற்கு உடன்கட்டு என்று பெயர் வைக்கலாம் என ஒருவர் முன்மொழிந்திருந்தார். அதைப் படித்ததும் எனக்கு உடன்கட்டை ஏறுவதுதான் ஞாபகம் வந்தது, முன்மொழிந்தவர் கோவிச்சுக்க வேண்டாமுங்க. உட்பொதிந்த (எம்பெடெட்) என்பதும் ஒத்துவராது, சிறு கருவிகளுக்குள் வைக்கும் நிரலுக்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. கணினியில் பைத்தான் (அந்த நிரல்மொழியில் எழுதியதை ஓட்டும் மென்பொருள்) இருக்கிறதா என்று கேட்காமலே ஒரு மென்பொருள் தனக்கென ஒரு பைத்தானைக் கையோடு கொண்டுவருகிறதே, அதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

பெயரில்லாமல் போன மாதம் நான் பட்ட பாடு! கோபியில் அக்கா பையன் முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் 4.2-க்கு ஒரு நிரல் எழுதினான், அது எக்செல் கோப்பைப் படிக்க வேண்டும் என்று பைத்தான் தொகுதிகளை நிறுவும் பிப் வழியாக ஓப்பன்பைஎக்செல் என்ற தொகுதியையும் போட்டுவிட்டான். முனையத்தில் (டெர்மினலில்) ஓடுகிறது, பிளெண்டருக்குள் ஓட்டினால் அப்படியொரு தொகுதியே இல்லை என்கிறது. அவனுடைய உபுண்டு 22.04 லினக்ஸில் இருப்பது பைத்தான் 3.10, பிளெண்டர் தளத்திலிருந்து இறக்கிய கோப்புறைக்குள் இருப்பது 3.11. "உள்ள இருக்கற பைத்தான்ல போடு கண்ணு" என்று போனில் சொன்னால், "கம்ப்யூட்டருக்கு உள்ளதானுங்க மாமா போட்டேன்" என்கிறான். அரைமணி நேரம் போச்சு.

அதனால் கட்டுநிறுவல். கட்டுச்சோற்றிலிருந்து எடுத்தது, பழனிக்கு நடந்து போகிறவர்கள் வழியில் கடை இருக்குமா என்று பார்க்காமல் புளிச்சோறு கட்டிக்கொள்வார்களே அதுதான் (வளைகாப்புக் கட்டுச்சோறு வேறு கணக்கு). எல்லாருக்கும் பொதுவாக இருப்பது பொதுநிறுவல். பொதி என்பதை பேக்கேஜுக்குக் கொடுத்துவிட்டோம், அதை மறுபடி இழுக்க வேண்டாம்.

இந்தச் சொல்லில் குறையும் சேர்ந்தே வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு? 2014-இல், பல மென்பொருள்கள் மறையாக்கத்துக்கு நம்பியிருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரிந்தபோது பொதுநிறுவலைப் புதுப்பித்து, நம்பியிருந்த நிரல்களை மறுபடி தொடக்கினால் வேலை முடிந்தது. சொந்தப் பிரதியைக் கட்டிவந்த மென்பொருளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வெளியிடுகிறவர்கள் கட்டுக்கு முகம் சுளிப்பது இதனால்தான், அவர்கள் பொதியில் வரும் பிளெண்டர் பொதுப் பைத்தானையே எடுத்துக்கொள்கிறது. விண்டோஸில் அதற்கு வழி ஏது? படம் வரையும் இங்க்ஸ்கேப் அங்கே பைத்தானோடுதான் வருகிறது, இல்லாவிட்டால் அதன் பாதி நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) ஓடாது. என்னைக் கேட்டால் விண்டோஸில் கட்டட்டும், லினக்ஸில் பொதுவே போதும்.

வினையாகக் கட்டிவருதல் சரியாக இருக்கும்: பிளெண்டர் பைத்தானைக் கட்டிவருகிறது. ஒரே சிக்கல், கட்டுநிறுவல் என்றதும் வீட்டில் "கட்டட வேலையா?" என்று கேட்டுவிட்டார்கள். கட்டுப் பைத்தான் என்று பையனிடம் சொன்னபோது மட்டும் "3.11 தானுங்க மாமா?" என்றான். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்க.