புதுப்பிப்பு: சந்தைக் கழிப்பறையின் பூட்டு திறந்தது

எங்கள் ஊர் வாரச்சந்தையில் கழிப்பறையைக் கட்டிப் பூட்டியே வைத்திருக்கிறார்கள், காய் விற்க வரும் பெண்கள் விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இரண்டு மாதம் முன்பு எழுதியிருந்தேன். அதற்கு அப்புறம் நடந்தது இது.

மனு கொடுத்து அலுத்துப்போய், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி கேட்டேன். எப்போது கட்டியது, எவ்வளவு செலவு, சாவி யாரிடம்? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வரவில்லை, ஆனால் 22ஆம் நாள் பூட்டு திறந்துவிட்டது! சாவிக் கேள்விதான் சுட்டிருக்கும்.

குழாயில் தண்ணீர் இன்னும் வரவில்லை. டிரம்மில் நிரப்புகிறார்கள், மதியத்துக்குள் காலி.

அடுத்தது நகர விற்பனைக் குழு, அதாவது தெருவோர வியாபாரம் பற்றிப் பேசி முடிவெடுக்கும் உள்ளூர்க் குழு. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். கீரைக்கார அக்காவிடம் சொன்னேன்.

"அதுல சேர்ந்தா சுங்கம் குறையுமா தம்பி?" என்றார்.

சரி, நான்காவது கேள்வி கிடைத்துவிட்டது.